சேர்ந்து இழக்கும் ஓட்டங்கள்: பாக்கெட் இழப்பின் ஒத்திசைவை அளத்தல்

இழப்பு ஒத்திசைவு என்பது, ஓர் இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் பல தரவு ஓட்டங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளை இழப்பது. நூறு ஓட்டங்கள் ஒரு ரவுட்டரைக் கடக்கின்றன. ஒரு மணி நேரத்தில் ஒவ்வோர் ஓட்டமும் முந்நூறு பாக்கெட்டுகளை இழக்கிறது. இந்தக் கணக்கு முற்றிலும் வேறான இரண்டு நிலைமைகளுக்குப் பொருந்தும். முந்நூறு முறையும் நூறு ஓட்டங்களும் சேர்ந்தே இழந்திருக்கலாம். அல்லது முப்பதாயிரம் இழப்புகளும் அந்த மணி முழுதும் பரவிக் கிடந்திருக்கலாம். இழப்பு விகிதம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் முதல் நிலைமையில் இணைப்பு நிரம்புவதும் காலியாவதுமாக ஊசலாடும். இரண்டாவதில் ஏறத்தாழச் சீராக ஓடும். விகிதத்தை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. எவ்வளவு இழந்தது என்பதோடு எவையெவை சேர்ந்து இழந்தன என்பதையும் தனியே அளக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இந்தச் சிக்கலின் வேர், இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி நெறிமுறையின் நெரிசல் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே தரவு வேகம் வினாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே இருந்த தூரம் 400 கெஜம்தான். நெரிசலில் தொலைந்த பாக்கெட்டுகளை அனுப்புநர்கள் திரும்பத் திரும்ப அனுப்பியதே நெரிசலை முற்றச் செய்தது. இதற்கு வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்சும் கண்ட தீர்வு 1988-இல் வெளியானது. ஒப்புகை பெறாமல் ஒரே நேரத்தில் வழியில் இருக்கக்கூடிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கைக்குச் சாளரம் என்று பெயர். ஒரு பாக்கெட் சென்று அதன் ஒப்புகை திரும்பி வர ஆகும் காலம் போய்வரும் நேரம். இழப்பு இல்லாதவரை ஒவ்வொரு போய்வரும் நேரத்துக்கும் ஒரு பாக்கெட் வீதம் சாளரம் வளரும். இழப்பைக் கண்டதும் பாதியாகும். மீண்டும் வளரும், மீண்டும் பாதியாகும். வரைபடத்தில் இது ரம்பப் பற்களைப்போலத் தெரியும்.

ஒவ்வோர் ஓட்டமும் தனித்தனியே இந்த ரம்பத்தை வரைகிறது. பற்கள் எல்லாம் ஒரே இடத்தில் விழுகின்றனவா, ஒன்றின் சரிவை இன்னொன்றின் ஏற்றம் ஈடுசெய்கிறதா என்பதே கேள்வி. ஸ்காட் ஷென்கர், லிக்சியா ஜாங், டேவிட் கிளார்க் ஆகியோர் 1990, 1991 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் இந்தக் கேள்வியைக் கூர்மையாக முன்வைத்தன. ஒரே திசையில் செல்லும் ஓட்டங்கள் ஒன்றாகவே பாக்கெட் இழந்து, ஒன்றாகவே சாளரத்தைக் குறைத்துக்கொண்டதை அவர்களின் உருவகப்படுத்தல்கள் காட்டின. எதிரெதிர்த் திசைகளில் தரவு செல்லும்போது எதிர்நிலை ஒத்திசைவும் தோன்றக்கூடும் என்பதும், அதாவது ஒன்று உச்சத்தில் இருக்கையில் மற்றது அடியில் இருக்கும்படி அமையக்கூடும் என்பதும், அப்போதுதான் வெளிப்பட்டது.

நிரம்பிய வரிசை செய்யும் வேலை

பழைய ரவுட்டர்களின் வரிசை விதி எளியது: இடம் இருந்தால் பாக்கெட் வரிசையில் சேரும், இல்லாவிட்டால் தூக்கியெறியப்படும். டிராப்-டெயில் என்று இதற்குப் பெயர். இந்த எளிய விதியே ஒத்திசைவை உண்டாக்குவது எப்படி என்பதைப் பார்க்க ஒரு கணக்கு போதும்.

வரிசை நிரம்பிய கணத்திலிருந்து அந்தச் செய்தி அனுப்புநர்களை எட்டுவதற்கு ஏறத்தாழ ஒரு போய்வரும் நேரம் ஆகும். அதுவரை எல்லா ஓட்டங்களும் வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் ஒவ்வோர் ஓட்டமும் தன் சாளரத்தில் ஒரு பாக்கெட்டைக் கூட்டும். ஆகவே பத்து ஓட்டங்கள் இருந்தால் சுமார் பத்து பாக்கெட்டுகள் கூடுதலாக வந்து இடமின்றி விழும். இந்தப் பத்து இழப்புகளும் பத்து ஓட்டங்களுக்கிடையே தற்செயலாகப் பங்கிடப்பட்டால், ஒரு குறிப்பிட்ட ஓட்டம் ஒன்றையாவது இழக்கும் நிகழ்தகவு 65 சதவீதம். ஓட்டங்களின் எண்ணிக்கை பெருகும்போது இது 63 சதவீதத்தை நெருங்கும். தற்செயலே இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிடுகிறது.

ஆனால் நடப்பது தற்செயலன்று. டிசிபி தன் பாக்கெட்டுகளை ஒப்புகைகளின் தாளத்தில் அனுப்புகிறது: ஓர் ஒப்புகை வந்தால் ஒரு பாக்கெட் வெளியேறும். வரிசையிலிருந்து ஒரு பாக்கெட் வெளியேறி ஓரிடம் காலியாவதற்கும், அதன் ஒப்புகையால் புதிய பாக்கெட் ஒன்று வருவதற்கும் தொடர்பு இருக்கிறது. எனவே வழக்கமான பாக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும். சாளரம் வளரும்போது ஒட்டிக்கொண்டு வரும் அந்த ஒற்றைக் கூடுதல் பாக்கெட்டுக்குத்தான் இடம் இருக்காது. ஒவ்வோர் ஓட்டமும் போய்வரும் நேரத்துக்கு ஒன்று வீதம் கூட்டுவதால், ஒவ்வோர் ஓட்டமும் சரியாக ஒன்றை இழக்கும். போய்வரும் நேரங்கள் ஒன்றாயிருக்கும் எளிய அமைப்பில் ஒத்திசைவு இதனால் நூறு சதவீதத்தைத் தொடுகிறது.

பஃபர் எவ்வளவு வேண்டும்

ஒத்திசைவை அளப்பதற்கான மிகப் பெரிய நடைமுறைக் காரணம் ரவுட்டருக்குள் இருக்கும் பஃபர், அதாவது காத்திருக்கும் பாக்கெட்டுகளை வைக்கும் நினைவகம். எல்லா ஓட்டங்களும் ஒரே கணத்தில் சாளரத்தைப் பாதியாக்கினால், வழியிலுள்ள மொத்தத் தரவும் பாதியாகும். அந்தப் பாதியே இணைப்பை நிரப்பப் போதுமானதாக இருக்க வேண்டுமென்றால், பஃபரின் அளவு இணைப்பின் வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்கி வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். கர்ட்டிஸ் வில்லமிசாரும் செங் சாங்கும் 1994-இல் வெளியிட்ட ஆய்வோடு இந்தப் பெருக்கல் விதி நிலைபெற்றது. அவர்கள் சோதித்தது வினாடிக்கு 40 மெகாபிட் இணைப்பில் எட்டு வரையிலான ஓட்டங்களை. பஃபரே இல்லாமல் எல்லாம் சேர்ந்து பாதியானால், இணைப்பின் சராசரிப் பயன்பாடு 75 சதவீதமாகக் குறையும்.

பத்தாண்டுகள் கழித்து, 2004-இல், கைடோ அப்பென்செல்லர், ஐசக் கெஸ்லாசி, நிக் மெக்கியோன் ஆகிய மூவரும் இந்த விதியை அசைத்தார்கள். முதுகெலும்பு இணைப்பு ஒன்றில் ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் செல்லும்போது அவை ஒத்திசைவதில்லை என்றால், மொத்தச் சாளரத்தின் ஏற்ற இறக்கம் பெருமளவு தணிந்துவிடும். அப்போது தேவைப்படும் பஃபர், பழைய பெருக்கலை ஓட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து வருவதே. வினாடிக்கு 10 கிகாபிட் இணைப்பில், போய்வரும் நேரம் 250 மில்லிவினாடி என்றால் பழைய விதி 2.5 கிகாபிட் கேட்கும். அதே இணைப்பில் 50,000 ஓட்டங்கள் செல்லும்போது புதிய விதிக்குச் சுமார் 10 மெகாபிட் போதும். முதல் அளவுக்குத் தனி நினைவகச் சில்லுகள் வேண்டும். இரண்டாவது ஒற்றைச் சில்லுக்குள்ளேயே அடங்கும்.

இந்த முழுக் கட்டடமும் ஓட்டங்கள் ஒத்திசைவதில்லை என்ற ஒரே தூணின்மேல் நிற்கிறது. நூற்றுக்கும் குறைவான ஓட்டங்களில் ஒத்திசைவு சாதாரணம், ஐந்நூறுக்கு மேல் மிக அரிது என்று அந்த ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள். அந்த எல்லை எல்லா இணைப்புகளுக்கும் பொருந்துமா என்பது அளந்துதான் சொல்லப்பட வேண்டியது. அளவு பிழையானால் பஃபர் பிழையாகும். பஃபர் பிழையானால் ஒன்று இணைப்பு வீணாகும் அல்லது தாமதம் கூடும்.

எது ஓர் இழப்பு, எது ஒரே நேரம்

அளவையின் முதல் முடிவு, எதை எண்ணுவது என்பது. தொலைந்த பாக்கெட்டுகளை எண்ணுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் அது தவறான அலகு. ஒரே சாளரத்தில் ஐந்து பாக்கெட்டுகள் தொலைந்தாலும் இன்றைய டிசிபி ஒரே ஒரு முறைதான் சாளரத்தைக் குறைக்கிறது. ஆகவே ஒரு போய்வரும் நேரத்துக்குள் ஓர் ஓட்டம் அடுத்தடுத்துச் சந்திக்கும் இழப்புகளை ஒரே இழப்பு நிகழ்வாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலக்கெடு தீர்ந்து மறுபடி தொடங்கும் ஓட்டத்தைத் தனியே குறித்துவைப்பது நல்லது. அங்கே சாளரம் பாதியாவதில்லை, ஒரு பாக்கெட் அளவுக்கே விழுகிறது.

இரண்டாவது முடிவு இன்னும் கடினமானது: ஒரே நேரம் என்பதன் அகலம் என்ன? ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். வினாடிக்கு 100 மெகாபிட் இணைப்பு, 1500 பைட் பாக்கெட்டுகள், 100 மில்லிவினாடி போய்வரும் நேரம், பெருக்கல் விதிப்படியான பஃபர், பத்து ஓட்டங்கள். இணைப்பு நிரம்பச் சுமார் 833 பாக்கெட்டுகள் வேண்டும், பஃபரில் மேலும் 833. உச்சத்தில் ஓர் ஓட்டத்தின் சாளரம் 167 பாக்கெட், பாதியானால் 83. அங்கிருந்து மீண்டும் உச்சிக்கு வர 83 போய்வரும் நேரங்கள் தேவை. வரிசை நிரம்ப நிரம்பப் போய்வரும் நேரமும் 100-லிருந்து 200 மில்லிவினாடிவரை நீள்வதால், ஒரு சுற்று ஏறத்தாழ 12 வினாடி எடுக்கும். இழப்பு நடக்கும் தருணமோ சுமார் 200 மில்லிவினாடிதான் நீடிக்கும்.

ஆக, 12 வினாடிக்கு ஒரு முறை, ஐந்தில் ஒரு வினாடி நீளத்தில், ஒரு நெரிசல் தருணம். காலத்தை 10 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டி எண்ணினால் ஒரே தருணம் இருபது துண்டுகளாகச் சிதறி, ஒத்திசைவே இல்லை என்று காட்டும். ஒரு நிமிடத் துண்டுகளாக வெட்டினால் தொடர்பற்ற ஐந்து தருணங்கள் ஒன்றாகக் கலந்து, எல்லா ஓட்டங்களும் எப்போதும் ஒத்திசைவதாகக் காட்டும். இரண்டும் ஒரே தரவிலிருந்து வரும் முடிவுகள். நிலையான துண்டுகளுக்குப் பதிலாக இழப்புகளுக்கு இடையேயான இடைவெளியைப் பார்த்துக் கொத்துகளாகப் பிரிப்பதே நம்பகமானது: முந்தைய இழப்பிலிருந்து மிகநீண்ட போய்வரும் நேரத்தைவிடக் கூடுதலான அமைதி நிலவினால் புதிய தருணம் தொடங்கிவிட்டது. மேற்கண்ட அமைப்பில் 200 மில்லிவினாடிக்கும் 12 வினாடிக்கும் இடையே பெரிய வெற்றிடம் இருப்பதால் எங்கே வெட்டினாலும் விடை மாறாது. ஓட்டங்கள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது அந்த வெற்றிடம் மறைந்து, தருணங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அங்கே இந்த முறை கைவிடும். எந்த அகலத்தில் என்ன விடை வந்தது என்பதை முழு வரைபடமாகத் தருவதே நேர்மையான வழி.

தற்செயலைக் கழித்தல்

நெரிசல் தருணங்கள் பிரிந்ததும், மிகப் பரவலாகப் பயன்படும் அளவை ஒரு விகிதம்: ஒரு தருணத்தில் பாக்கெட் இழந்த ஓட்டங்களின் எண்ணிக்கையை மொத்த ஓட்டங்களால் வகுத்து, எல்லாத் தருணங்களுக்கும் சராசரி காண்பது. ஓர் ஓட்டத்தின் பார்வையில் பார்த்தால், மொத்தத் தருணங்களில் எத்தனையில் அந்த ஓட்டம் பங்கெடுத்தது என்பதே அதன் ஒத்திசைவு வீதம். ஃபிரான்சுவா பச்செல்லியும் டோகி ஹாங்கும் 2002-இல் டிசிபி போக்குவரத்தைக் கணித மாதிரியாக்கியபோது இதே வீதத்தை மாதிரியின் மையமான அளவுருக்களில் ஒன்றாக வைத்தார்கள்.

விகிதம் எளிது என்பதாலேயே ஏமாற்றவும் செய்யும். இரண்டே ஓட்டங்கள், ஒவ்வொன்றும் மற்றதைச் சாராமல் ஒரு தருணத்தில் 20 சதவீத நிகழ்தகவோடு இழக்கின்றன என்று கொள்ளலாம். எதுவுமே இழக்காத தருணம் பதிவாகவே பதிவாகாது. ஒன்றாவது இழக்கும் நிகழ்தகவு 36 சதவீதம். பதிவான தருணங்களில் சராசரி விகிதம் 20-ஐ 36-ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது 0.56. சற்றும் தொடர்பில்லாத இரண்டு ஓட்டங்கள் பாதிக்கு மேல் ஒத்திசைவதாக அளவை சொல்கிறது. பத்து ஓட்டங்களில் அதே கணக்கு 0.22-ஐத் தரும். ஓட்டங்களின் எண்ணிக்கை மாறினால் அளவையின் அடித்தளமே மாறுகிறது. இரண்டு ஓட்டச் சோதனையின் 0.6-ஐயும் ஐம்பது ஓட்டச் சோதனையின் 0.3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னதில்தான் ஒத்திசைவு அதிகம் என்று சொல்லுவது பொருளற்றது.

இரண்டிரண்டு ஓட்டங்களாக எடுத்து, இரண்டும் சேர்ந்து இழந்த தருணங்களை ஏதாவது ஒன்று இழந்த தருணங்களால் வகுப்பது ஓரளவு மேலானது. முன்சொன்ன சார்பற்ற இணைக்கு இது 0.11 தரும். ஆனாலும் அது பூச்சியம் அல்ல. தற்செயலாக நேரக்கூடிய ஒத்துப்போதல் எவ்வளவு என்பதைக் கண்டு கழிக்காமல் எந்த எண்ணும் பேசாது.

அந்தத் தற்செயல் அளவைச் சூத்திரத்திலிருந்து பெறுவதைவிடத் தரவிலிருந்தே பெறுவது பாதுகாப்பானது. ஒவ்வோர் ஓட்டத்தின் இழப்பு வரிசையையும் வெவ்வேறு அளவு காலத்தால் முன்னோ பின்னோ நகர்த்தி, கடைசியில் மிஞ்சுவதைத் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டம் எத்தனை முறை இழந்தது, எந்த இடைவெளிகளில் இழந்தது என்பவை அப்படியே இருக்கும். பிற ஓட்டங்களோடு அதற்கிருந்த நேரத் தொடர்பு மட்டும் அறுந்துபோகும். இப்படி ஆயிரம் முறை நகர்த்தி ஒவ்வொரு முறையும் விகிதத்தைக் கணக்கிட்டால், தொடர்பற்ற ஓட்டங்கள் எவ்வளவு காட்டும் என்ற பரவல் கிடைக்கும். உண்மையான விகிதம் அந்தப் பரவலுக்கு வெளியே நின்றால்தான் ஒத்திசைவு என்று சொல்ல உரிமை உண்டு. இழப்புகளைத் தனித்தனியே கலைத்துப்போடுவது இதற்கு ஈடாகாது. அது ஒவ்வோர் ஓட்டத்தின் சொந்தத் தாளத்தையும் அழித்துவிடுகிறது. சோதனை போதிய நேரம் ஓடவும் வேண்டும். 12 வினாடிக்கு ஒரு தருணம் என்றால் ஐந்து நிமிடத்தில் 25 தருணங்கள்தான். ஓட்டத்தின் வீதம் 0.6 என்று வந்தால் அதில் கூடக்குறைய 0.1 திட்டப்பிழை இருக்கும். ஒரு மணி நேரம் ஓடினால் அது 0.03-ஆகக் குறையும்.

மொத்தத்திலிருந்து அளப்பது

நேரத் துண்டு, கொத்து, எல்லை மதிப்பு எதுவும் வேண்டாத இன்னொரு வழி உண்டு. ஒவ்வோர் ஓட்டத்தின் சாளரத்தையும் சீரான இடைவெளியில் பதிவு செய்து, தனித்தனிப் பரவற்படிகளின் கூட்டுத்தொகையையும், எல்லாச் சாளரங்களையும் கூட்டி வரும் மொத்தத்தின் பரவற்படியையும் ஒப்பிடலாம். ஓட்டங்கள் சார்பற்றவையானால் இரண்டும் சமம். முழுமையாக ஒத்திசைந்தால் பின்னது முன்னதைப்போல ஓட்டங்களின் எண்ணிக்கை மடங்கு. இவற்றுக்கு இடையில் எங்கே நிற்கிறது என்பதிலிருந்து சராசரி ஒட்டுறவை நேரடியாகப் பெறலாம்.

பாதிக்கும் முழுமைக்கும் இடையே ரம்பமாக ஏறி இறங்கும் ஒரு சாளரத்தின் திட்ட விலக்கம் அதன் சராசரியில் 19 சதவீதம். நூறு ஓட்டங்கள் ஒன்றாக ஏறி இறங்கினால் மொத்தமும் அதே 19 சதவீதம் ஊசலாடும். ஒன்றையொன்று சாராமல் ஓடினால் 2 சதவீதத்துக்கும் குறைவு. பஃபர் தாங்க வேண்டியது இந்த ஊசலாட்டத்தைத்தான் என்பதால், இந்த அளவை பொறியியல் கேள்விக்கு நேராக விடை சொல்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்றையும் இது வெளிப்படுத்துகிறது. நூறு ஓட்டங்களுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.05 என்றால், மொத்தத்தின் திட்ட விலக்கம் சார்பற்ற நிலையைவிட 2.4 மடங்கு. பத்தாயிரம் ஓட்டங்களுக்கிடையே 0.01 ஒட்டுறவு இருந்தாலே பத்து மடங்கு. எந்த இரண்டு ஓட்டங்களை எடுத்துச் சோதித்தாலும் 0.01 என்பது இரைச்சலில் மூழ்கி, ஒத்திசைவு இல்லை என்ற தீர்ப்பே வரும். ஆனால் வர்க்கமூல விதியை நம்பி அமைத்த பஃபருக்கு அந்த நூறில் ஒரு பங்கு போதும், நிலைகுலைய. பெரிய இணைப்புகளில் ஒத்திசைவு இல்லை என்ற கூற்று இணைகளின் அளவையை மட்டும் நம்பி எழுந்தால் அதை ஐயத்தோடுதான் ஏற்க வேண்டும்.

எங்கே நின்று அளப்பது

பாக்கெட் விழும் இடத்திலேயே நின்று பார்ப்பதுதான் துல்லியமானது. என்எஸ்-2, என்எஸ்-3 போன்ற உருவகப்படுத்திகளில் ஒவ்வோர் இழப்பும் நேரத்தோடு எழுதப்படும். ஆனால் உருவகப்படுத்தலின் ஒழுங்கே பொய்யை உண்டாக்கக்கூடும். சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் 1992-இல் கட்ட விளைவுகள் என்று பெயரிட்டு விளக்கியது இதைத்தான்: எல்லாம் கடிகாரம்போல் நடக்கும் உலகில், போய்வரும் நேரத்தில் மிகச் சிறிய மாற்றம்கூட ஓர் ஓட்டத்தை எப்போதும் இழப்பவனாகவும் இன்னொன்றை எப்போதும் தப்புபவனாகவும் ஆக்கிவிடும். அனுப்புநரிடம் சிறிது தற்செயல் தாமதம் சேர்த்தால் அந்த விளைவு மறைகிறது. அதைச் சேர்க்காத உருவகப்படுத்தல் காட்டும் ஒத்திசைவை இணையத்தின் குணமாகக் கொள்ள முடியாது.

டம்மிநெட், லினக்ஸின் நெட்எம் போன்றவற்றால் கட்டப்படும் சோதனைக் கூடங்கள் அடுத்த படி. இங்கே வேறு வகைப் பொய்கள் காத்திருக்கின்றன. இன்றைய பிணைய அட்டைகள் 64 கிலோபைட் வரையிலான தரவைக் கெர்னலிடமிருந்து ஒரே கட்டியாக வாங்கி, தாமே பாக்கெட்டுகளாக வெட்டி ஒரேயடியாகத் தள்ளிவிடும். நிரம்பும் வரிசையில் அத்தகைய ஒரு சரம் வந்து விழுந்தால் ஒரே ஓட்டம் பல பாக்கெட்டுகளை இழக்கும், மற்றவை தப்பிக்கும். ஒத்திசைவு குறைந்ததாகத் தோன்றுவது அட்டையின் வேலையாக இருக்கக்கூடும். சோதனைக்கு முன் இந்த வசதியை அணைத்தார்களா என்பது முடிவோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

நடுவில் நிற்க முடியாதபோது முனைகளிலிருந்து அளக்க வேண்டும். லினக்ஸ் கெர்னல் ஒவ்வோர் இணைப்பின் சாளரத்தையும் மறு அனுப்பல்களையும் வெளியிடுகிறது. ஆனால் மறு அனுப்பல் எல்லாம் இழப்பல்ல. வரிசை மாறி வந்த பாக்கெட்டும் வீண் மறு அனுப்பலைத் தூண்டும். அதோடு, மறு அனுப்பல் நடந்த நேரத்தை இழப்பு நடந்த நேரமாகக் கொள்வது பரவலான பிழை. 20 மில்லிவினாடித் தொலைவில் உள்ள அனுப்புநர் இழப்பை உடனே அறிவார். 200 மில்லிவினாடித் தொலைவில் உள்ளவர் வெகு நேரம் கழித்து அறிவார். ஒரே கணத்தில் விழுந்த இரண்டு பாக்கெட்டுகள் இப்படி விலகித் தெரியும். தொலைந்த பாக்கெட் முதன்முதலில் அனுப்பப்பட்ட நேரத்தை எடுத்து, அங்கிருந்து வரிசைவரை ஆகும் பயண நேரத்தைக் கூட்டினால் இந்த விலகல் பெருமளவு நீங்கும். வெவ்வேறு கணினிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். பரந்த இணையத்தில் என்டிபி பொதுவாகச் சில பத்து மில்லிவினாடிக்குள் இதைச் செய்துதரும், அது இந்த வேலைக்குப் போதும். தரவு மையங்களுக்குள் போய்வரும் நேரமே மைக்ரோவினாடிகளில் இருப்பதால் அங்கே வன்பொருள் துணையுடனான பிடிபி போன்றவை இன்றி இந்த அளவையைத் தொடங்கவே முடியாது.

சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பி ஒத்திசைவை அறியலாமா? முன்சொன்ன பத்து ஓட்ட அமைப்பு இதற்கும் விடை தருகிறது. ஒரு சுற்றில் செல்வது ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகமான பாக்கெட்டுகள், விழுவது பத்து. இழப்பு விகிதம் பத்தாயிரத்தில் ஒன்று. நெரிசல் தருணத்துக்குள்ளேயே கூட, கடக்கும் சுமார் 1,670 பாக்கெட்டுகளில் விழுவது பத்துதான். வினாடிக்குப் பத்து சோதனைப் பாக்கெட்டுகள் அனுப்பினால் ஒரு தருணத்துக்குள் இரண்டு மாட்டும். அவற்றில் ஒன்று விழும் வாய்ப்பு ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். எண்பது தருணங்களில் ஒன்று மட்டுமே கண்ணில் படும். பத்து ஓட்டங்களும் தவறாமல் ஒத்திசையும் இணைப்பைச் சோதனைப் பாக்கெட்டுகள் அமைதியான இணைப்பு என்றே சொல்லும். ஜோயல் சாமர்ஸ், பால் பார்ஃபோர்ட் உள்ளிட்டோர் 2005-இல் இந்தக் குறையை எடுத்துக்காட்டி, இடைவெளிகளைப் பாய்சான் முறையில் தேர்ந்து அனுப்பும் வழக்கமான சோதனை இழப்புத் தருணங்களின் நீளத்தைச் சரியாகச் சொல்வதில்லை என்று நிறுவினார்கள். தாமத உயர்வையும் சேர்த்துப் பார்க்கும் பேடபிங் என்ற கருவியை மாற்றாக வைத்தார்கள். இழப்புகளுக்கிடையே உள்ள தொலைவையும் இழப்புக் காலத்தின் நீளத்தையும் வரையறுக்கும் இணைய ஆவணமான ஆர்எஃப்சி 3357 2002-இல் வந்தது. இழப்புத் தருணங்களுக்கான ஆர்எஃப்சி 6534 2012-இல். இரண்டும் ஒரு பாதையின் இழப்பு வடிவத்தை விவரிப்பவை. பல ஓட்டங்களின் இழப்பைச் சேர்த்துப் பார்ப்பது அவற்றின் வரம்புக்குள் வரவில்லை.

இதற்கு நெருங்கிய இன்னொரு கேள்வி, இரண்டு ஓட்டங்கள் ஒரே நெரிசல் இடத்தைப் பகிர்கின்றனவா என்பது. டான் ரூபன்ஸ்டைன், ஜிம் குரோஸ், டான் டவுஸ்லி ஆகியோர் 2000-இல் தந்த முறை அழகானது: ஓர் ஓட்டத்தின் அடுத்தடுத்த பாக்கெட்டுகளுக்கிடையே உள்ள ஒட்டுறவைவிட, இரண்டு ஓட்டங்களின் அருகருகே வந்த பாக்கெட்டுகளுக்கிடையே உள்ள ஒட்டுறவு அதிகமானால், இடம் பொதுவானது. இங்கே எல்லை மதிப்பு எதுவும் வெளியிலிருந்து வரவில்லை. தரவு தன்னையே அளவுகோலாகக் கொள்கிறது. ஆனால் பொது இடம் இருப்பது வேறு, அங்கே சேர்ந்து இழப்பது வேறு. ஒரே வரிசையைப் பகிரும் ஓட்டங்கள் சிறிதும் ஒத்திசையாமல் இருக்க முடியும்.

ஒத்திசைவைக் கலைப்பவை

அப்படி ஒத்திசையாமல் இருக்கச் செய்வதற்கென்றே ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் 1993-இல் ரெட் என்ற முறையை வடிவமைத்தார்கள். வரிசை நிரம்பும்வரை காத்திராமல், அதன் சராசரி நீளம் கூடக் கூட, தற்செயலாகத் தேர்ந்த பாக்கெட்டுகளை முன்கூட்டியே விழச் செய்வது இதன் வழி. ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு ஓட்டங்களே எச்சரிக்கை பெறும். ஆர்எஃப்சி 2309 1998-இல் இதைப் பரிந்துரைத்தது. ஆனால் அளவுருக்களைப் பொருத்தமாக அமைப்பது கடினமாக இருந்ததால் பல ரவுட்டர்களில் அது அணைந்தே கிடந்தது. 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7567 முன்கூட்டிய வரிசை நிர்வாகம் வேண்டும் என்பதில் உறுதியாக நின்றாலும், ரெட் என்ற ஒரே முறையை முன்னிறுத்துவதைக் கைவிட்டது. கோடெல், பை போன்ற புதிய முறைகள் வரிசையின் நீளத்தை விட்டுக் காத்திருக்கும் நேரத்தைக் கவனிக்கின்றன.

போய்வரும் நேரங்களின் வேறுபாடும் தானாகவே ஒத்திசைவைத் தளர்த்துகிறது. அருகிலிருக்கும் அனுப்புநர் முதலில் இழப்பை அறிந்து பின்வாங்கினால் வரிசையில் இடம் பிறக்கும். தொலைவிலிருப்பவர் அந்தச் சுற்றில் தப்பிக்கக்கூடும். எல்லா ஓட்டங்களுக்கும் ஒரே தாமதம் வைத்த சோதனைக் கூடம் மிகையான ஒத்திசைவைக் காட்டுவது இதனாலேயே. 2006 முதல் லினக்ஸில் இயல்பிருப்பாக உள்ள கியூபிக், சாளரத்தைப் பாதியாக்காமல் சுமார் 70 சதவீதத்துக்கே குறைக்கிறது. முழுமையாக ஒத்திசைந்தாலும், பெருக்கல் விதி சொல்லும் பஃபரில் 43 சதவீதம் போதும். ஒரே ஒத்திசைவு வீதம் இரண்டு நெறிமுறைகளில் இரண்டு வேறு விலைகளைக் கேட்கிறது. ஆகவே வீதத்தோடு எந்த நெறிமுறை என்பதும் சேர்ந்தே பதிவாக வேண்டும்.

இழப்பையே முதன்மைக் குறிப்பாகக் கொள்ளாத நெறிமுறைகளில் அளவையின் பொருளே இடம்பெயர்கிறது. 2001-இல் ஆர்எஃப்சி 3168 வகுத்த இசிஎன் முறையில் ரவுட்டர் பாக்கெட்டை எறியாமல் அதன்மேல் ஒரு குறி இடுகிறது. அங்கே எண்ணப்பட வேண்டியவை குறிகள், தொலைந்த பாக்கெட்டுகள் அல்ல. கூகுள் 2016-இல் வெளியிட்ட பிபிஆர் நெறிமுறை, பாதையின் குறைந்தபட்சப் போய்வரும் நேரத்தைக் காண, பத்து வினாடிகளாகப் புதிய குறைந்த மதிப்பு எதுவும் கிடைக்காதபோது, வழியிலுள்ள தன் தரவை நான்கு பாக்கெட்டுகளாகச் சுருக்கி 200 மில்லிவினாடி காத்திருக்கிறது. ஒரு பெரிய ஓட்டம் இப்படிச் சுருங்கும்போது வரிசை வடிந்து, பகிரும் மற்ற ஓட்டங்களும் அதே கணத்தில் குறைந்த நேரத்தைக் கண்டு தங்கள் கடிகாரங்களை ஒருசேரத் திருப்பி வைக்கின்றன. அடுத்த முறை எல்லாம் சேர்ந்தே சுருங்குகின்றன. ஒரு பாக்கெட்கூட விழாமல் நிகழும் இந்த ஒத்திசைவை வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே அமைத்தார்கள், ஏனெனில் எல்லாம் சேர்ந்து வடிந்தால்தான் காலியான பாதையின் உண்மையான நேரம் தெரியும். இழப்பை எண்ணும் கருவிக்கு இது முற்றிலும் புலப்படாது; சாளரங்களின் பரவற்படியை ஒப்பிடும் முறையோ, சாளரத்தின் இடத்தில் வழியிலுள்ள பாக்கெட்டுகளின் எண்ணிக்கையை வைத்தால், இங்கும் அப்படியே வேலை செய்யும்.